திறமூல மேசைக்கணினி மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும்

ஒரு மென்பொருளை யாரும் இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் வழியே வளர்ந்த கொள்கை. மூலநிரல் கையில் இருந்தால்தான் இந்த உரிமைகளுக்குப் பொருள் உண்டு. செயற்கை நுண்ணறிவு சிக்கலைக் கொண்டுவந்ததும் இந்த இடத்தில்தான். பயிற்சி பெற்ற ஒரு மாதிரி என்பது எண்களின் பெருந்தொகுப்பு. அந்த எண்கள் எந்தத் தரவுகளிலிருந்து பிறந்தன என்பதை அவற்றைப் பார்த்து அறிய முடியாது. வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதிய கணக்கைப் போன்றது அது.

இக்கேள்வியை முதலில் ஆழமாக எழுப்பியவர்களில் டெபியன் இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 2019இல் அங்கு முன்வைக்கப்பட்ட ஒரு வரைவு, மாதிரிகளை மூன்று வகையாகப் பிரித்தது. கட்டற்றவை, கட்டுள்ளவை என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வகை இருந்தது. அவற்றின் உரிமம் தாராளமானது. பயிற்சித் தரவோ வெளியாகாதது அல்லது கட்டற்றதல்ல. அதற்கு 'நச்சு மிட்டாய்' என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். 2025இல் இது டெபியனில் பொதுத் தீர்மானமாகவே முன்மொழியப்பட்டு, முடிவு எட்டாமல் திரும்பப் பெறப்பட்டது.

திறமூல முன்னெடுப்பு அமைப்பு 2024 அக்டோபரில் வேறு வழியில் சென்றது. அது வெளியிட்ட 'திறமூலச் செயற்கை நுண்ணறிவு' வரையறையின்படி, பயிற்சித் தரவைப் பற்றிய விவரம் இருந்தால் போதும். தரவு முழுவதையும் தர வேண்டியதில்லை. இந்த அமைப்பு 1998இல் ஏற்ற திறமூல வரையறையே, டெபியன் 1997இல் வகுத்த நெறிகளிலிருந்து உருவானது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

நிரல் எழுதுவதில் இன்னொரு பூசல் எழுந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், இயந்திரம் எழுதிய நிரல்கள் திட்டங்களுக்கு வரத் தொடங்கின. பதிப்புரிமை, தரம், அறநெறி ஆகிய காரணங்களைக் காட்டி ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் அவற்றைத் தடை செய்தது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டியும் கட்டுப்பாடு விதித்தது. ஃபெடோராவோ 2025இல், பொறுப்பை மனிதர் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அனுமதித்தது.

ஆனால் பயனர்கள் எல்லாவற்றையும் எதிர்த்தார்கள் என்று சொல்வது தவறு. டிஜிகேம் ஒளிப்பட மென்பொருள் 2020இல் நரம்பணு வலையமைப்பைக் கொண்டு முகங்களை அடையாளம் காணத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த பெர்கமோட் திட்டத்தின் பயனாக, ஃபயர்பாக்ஸ் 2023 செப்டம்பரில் பக்க மொழிபெயர்ப்பைத் தந்தது. இவை இரண்டுமே பயனரின் கணினியிலேயே இயங்குபவை. படமோ உரையோ வெளியே போவதில்லை. பயிற்சித் தரவு பற்றிய கேள்வி இவற்றுக்கும் பொருந்தும் என்றாலும், பெரிய கூச்சல் எழவில்லை.

2025 டிசம்பரில் மொசில்லாவின் புதிய தலைவர், ஃபயர்பாக்ஸ் செயற்கை நுண்ணறிவு உலாவியாக வளரும் என்று அறிவித்தபோதுதான் பழைய பயனர்கள் கொதித்தார்கள். ஃபயர்பாக்ஸை அவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததே, தங்கள் கணினியில் எது ஓட வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யத்தான். எதிர்ப்புக்குப் பின், இந்த வசதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் நிறுத்தும் அமைப்பு 2026 பிப்ரவரியில் 148ஆம் பதிப்புடன் வந்தது. அதை அழுத்தினால் அரட்டைப் பட்டையோடு, அதிக எதிர்ப்பின்றி இரண்டரை ஆண்டு ஓடிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பும் சேர்ந்து நின்றுவிடும்.