ஒரு மாணவன் தொகுத்த உலாவி

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் திகதி, பதினாறு வயது மாணவனொருவன் தான் தொகுத்த இணைய உலாவியொன்றை எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளும்படி வெளியிட்டான். அவன் பெயர் அலெக்ஸ் கொன்டோஸ். உலாவியின் பெயர் வோட்டர்பொக்ஸ். அவன் அதனை 'எழுதினான்' என்று கூறுதல் பொருந்தாது. பயர்பொக்ஸ் என்னும் உலாவியின் மூலநிரல் யாவரும் எடுத்தாளும்படி திறந்து கிடந்தது. அந்நிரலை எடுத்து, 64 பிட் முறைவழியாக்கிகளின் ஆற்றலைப் பயன்படுத்தும் வகையிலே மீண்டும் தொகுத்து, பயர்பொக்ஸ் என்ற பெயர் வணிகக்குறியாகப் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் வேறு பெயர் சூட்டி வெளியிட்டான். நூற்றுக்கணக்கானோரைச் சம்பளத்திற்கு அமர்த்தியிருந்த மொசில்லா நிறுவனம், விண்டோஸ் கணினிகளுக்கான அத்தகைய உலாவியை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயாகும். மாணவனொருவனால் தன் ஓய்வு நேரத்திலே செய்ய முடிந்ததைப் பெரிய நிறுவனமொன்று செய்து முடிப்பதற்கு மேலும் நாலரை ஆண்டுகளுக்கு மேற் சென்றமைக்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின் முதலிற் பொறியை நோக்குதல் வேண்டும். 32 பிட் முறைவழியாக்கியிலே நினைவகத்தின் ஒவ்வோர் இடமும் 32 இரும இலக்கங்களாலான முகவரியால் அறியப்படும். அவ்வாறு இடக்கூடிய முகவரிகளின் தொகை 4,294,967,296. அதாவது 4 கிகாபைட். விண்டோஸ் இயங்குதளத்திலோ, 32 பிட் நிரலொன்றுக்கு வழக்கமாக அதிற் பாதியே கிடைத்தது. எழுத்தும் படமும் மட்டுமே இணையப் பக்கமாக இருந்த காலத்தில் அது போதியதாயிருந்தது. நிகழ்படமும், நீண்ட நிரல்களும், ஒரே வேளையில் இருபது முப்பது பக்கங்களைத் திறந்து வைக்கும் வழக்கமும் வந்தபின் போதாததாயிற்று.

இவ்வெல்லையை உடைக்கும் முறைவழியாக்கிகளை ஏஎம்டி கம்பனி 2003ஆம் ஆண்டிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனிலும் பன்மடங்கு பெரியதாகிய இன்டெல் கம்பனி, பழைய நிரல்களோடு இயைந்து போகாத இட்டானியம் என்னும் தனிப்பாதையை 2001இல் வகுத்துப் பார்த்து, அது கைகூடாமையால் 2004இல் தன் போட்டியாளனின் வழியையே பின்பற்ற நேர்ந்தது. புதிய முறைவழியாக்கிகளில் முகவரி நீண்டது மட்டுமன்று. கணிப்புக்கு உடனடியாகக் கைக்கெட்டும் பொதுப் பதிவிகள் 8இலிருந்து 16 ஆயின. பல எண்களை ஒரே கட்டளையால் ஒருங்கே கையாளும் எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதி அவை அனைத்திலும் அமைந்திருந்தது. 2011 அளவிலே விற்பனையான மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. அவற்றின் மீது ஓடிய உலாவி மட்டும் 32 பிட் காலத்தினதாகவே நின்றது. வாங்கியவர் விலைகொடுத்துப் பெற்ற வீட்டிலே சில அறைகள் பூட்டியே கிடந்தன.

மொசில்லாவின் தயக்கத்திற்குச் சோம்பல் காரணமன்று. உலாவி தனித்து இயங்கும் பொருளாக அக்காலத்தில் இருக்கவில்லை. நிகழ்படத்தைக் காட்டுவதற்கு அடோபி கம்பனியின் பிளாஷ் போன்ற செருகுநிரல்கள் தேவைப்பட்டன. அவற்றின் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. 64 பிட் உலாவிக்கு 64 பிட் செருகுநிரல் வேண்டும்; அடோபி அதனை முறையாக வெளியிட்டது 2011 ஒக்டோபரில். திறந்த நிரலொன்று மூடிய நிரலொன்றின் வாசலிற் காத்து நின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். மேலும், முகவரிகள் இருமடங்கு நீள்வதால் அதே நிரல் உண்ணும் நினைவகமும் ஓரளவு கூடும். இவை நியாயமான தயக்கங்களே.

ஆனால் முரண்பாடு முற்றிக்கொண்டே வந்தது. 2011இன் இறுதியிலே, பயர்பொக்ஸின் பகுதிகளை ஒன்றாக இணைத்து இறுதி வடிவந் தரும் கருவி, தனக்குக் கிடைக்கக்கூடிய 3 கிகாபைட் இடத்துள் அவ்வேலையை முடிக்கமாட்டாமல் இடைநின்றது. 32 பிட் உலகத்திற்கெனச் செய்யப்பட்ட பண்டம் 32 பிட் பட்டறையினுள் அடங்க மறுத்தது! அப்படியிருந்தும் 2012 நவம்பரிலே, விண்டோஸுக்கான 64 பிட் பரீட்சார்த்தப் பதிப்புகளை அறவே நிறுத்திவிட மொசில்லா முடிவு செய்தது. அவற்றை நாள்தோறும் பயன்படுத்திக் குறைகளைக் கூலியின்றி அறிவித்து வந்தோர் கொதித்தெழுந்தனர். டிசம்பரிலே முடிவு தளர்த்தப்பட்டது. பதிப்புகள் தொடரும், சோதனைப் பொறுப்பு மட்டும் நிறுவனத்தினதன்று என்றாயிற்று. இந்த இடைவெளியிலேதான் வோட்டர்பொக்ஸ் வளர்ந்தது.

மூலநிரல் எவ்வாறு திறந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். இணையவலை ஐரோப்பிய அரசுகளின் பொதுப்பணத்தால் இயங்கும் சேர்ன் ஆய்வுகூடத்திலே பிறந்தது. ரிம் பேர்னேர்ஸ்-லீ 1990இல் முதலாவது உலாவியை அங்கேயே எழுதினார். 1993 ஏப்ரல் 30இல் அந்த ஆய்வுகூடம் அம்மென்பொருளைப் பொதுச்சொத்தாக்கியது. அதே ஆண்டிலே, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரச உதவி பெற்ற நிலையமொன்றில் மார்க் அன்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் உலாவியைச் செய்தனர். மறு ஆண்டு நெற்ஸ்கேப் கம்பனி தோன்றியது. 1995 ஓகஸ்டில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. பொதுநிதியாற் கற்றுப் பெற்ற கைத்திறன் இரண்டே ஆண்டுகளிற் பங்குச்சந்தைப் பொருளாகிவிட்டது. மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது, நெற்ஸ்கேப் சரிந்தது. 1998 மார்ச் 31இல், தோல்வியின் விளிம்பில் நின்றுகொண்டே அது தன் மூலநிரலை உலகுக்குத் திறந்தது. கொடையுள்ளத்தால் அவ்வாறு செய்தது என்று எண்ணுவோர் உளர். வேறு வழியின்மையே அக்கொடையின் தாய்.

பின்னர் நடந்தவை அறிந்தனவே. எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001இலும் ஏழாம் பதிப்பு 2006இலும் வெளிவந்தன. எதிரியில்லாத களத்திலே ஏகபோகம் ஐந்தாண்டுகள் உறங்கியது. 2004 நவம்பரிலே பயர்பொக்ஸ் வந்தது. அதற்கடுத்த மாதம் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரமொன்று அதற்காக வெளியாயிற்று. செலவை ஏற்ற ஏறக்குறைய 10,000 பேரின் பெயர்கள் அவ்விளம்பரத்திலேயே பொடியெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. கம்பனி விளம்பரங்களையே கண்டு பழகிய கண்களுக்கு அது புதுமையாயிருந்திருக்கும்.

இனி, 'நவீன வன்பொருளுக்கேற்ற உலாவி' என்னும் வாக்குறுதியின் உள்ளீட்டைச் சற்று ஆராய்வோம். தொகுப்பி என்பது மனிதர் படிக்கும் நிரலை முறைவழியாக்கியின் கட்டளைகளாக மாற்றும் கருவி. எல்லாக் கணினிகளிலும் ஓடவேண்டுமெனின், அது எல்லாவற்றிற்கும் பொதுவான பழைய கட்டளைகளையே பயன்படுத்தவேண்டும். பழையவற்றைக் கைவிடத் துணிந்தால் எஸ்எஸ்இ2, ஏவிஎக்ஸ் ஆகிய புதிய கட்டளைகளை எடுத்தாளலாம். 2009இல் வெளிவந்த பேல் மூன் உலாவி இவ்வழியிலே வோட்டர்பொக்ஸுக்கும் முந்தியது. கொன்டோஸ் தன் தொடக்ககாலப் பதிப்புகளுக்கு இன்டெல் கம்பனியின் தொகுப்பியைப் பயன்படுத்தினான். அத்தொகுப்பிக்கு ஒரு கறைபடிந்த வரலாறு உண்டு. அது ஆக்கித் தரும் நிரல், ஓடத் தொடங்கும்போது முறைவழியாக்கியின் உற்பத்தியாளர் யாரெனக் கேட்கும். இன்டெல் அல்லாததாயின், அதே கட்டளைகளை அது செய்யவல்லதாயினும் மெதுவான பாதையில் அனுப்பிவிடும். 2010இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவோடு செய்த உடன்பாட்டின்படி, இவ்வேறுபாட்டை வாங்குவோருக்கு வெளிப்படையாகக் கூற இன்டெல் கட்டுப்பட்டது. தொழில்நுட்பம் நடுநிலையானது என்று வகுப்பறையிற் கூறும் நண்பர்கள் இச்செய்தியை ஒருமுறை மாணவருக்கு எடுத்துரைக்கலாம்.

மீளத் தொகுத்தலாற் கிட்டும் வேகம் வரம்புடையது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பக்கமொன்று திறக்கத் தாமதமாவதற்கு வலையமைப்பின் மந்தமும், பக்கத்தினுள்ளே திணிக்கப்பட்ட விளம்பர நிரல்களின் சுமையும் பெரும்பாலும் காரணமாகும். தொகுப்பி அவற்றை ஒன்றுஞ் செய்யாது. நவீன முறைவழியாக்கியின் மெய்யான புதுமை, ஒரே சில்லிலே நான்கு, எட்டு எனப் பல கருக்கள் சேர்ந்து உழைப்பதாகும். அதனைப் பயன்படுத்த நிரலையே புதிதாக எழுதவேண்டும். மொசில்லாவின் ஆய்வுப் பிரிவு சேர்வோ என்னும் இயந்திரத்தை ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கியது இதற்காகவே. பக்கத்தின் நடைவிதிகளைப் பல கருக்களுக்குப் பங்கிட்டுக் கணிக்கும் அதன் பகுதி 2017 நவம்பரிலே குவாண்டம் என்ற பெயரோடு வந்த பயர்பொக்ஸ் 57இற் சேர்ந்தது. அதே பதிப்பிலே பழைய வகை நீட்சிகள் அனைத்தும் கைவிடப்பட்டன; அவற்றை நம்பியிருந்தோரிற் பலர் பேல் மூனுக்கும் வோட்டர்பொக்ஸுக்கும் பெயர்ந்தனர். புதிய வன்பொருளுக்கென்று பிறந்த உலாவிகள் இவ்வாறு பழைய பழக்கங்களின் புகலிடமாக மாறியமை வரலாற்றின் விளையாட்டு.

மறுபுறமும் ஒன்றுண்டு. 'நவீன கணினிக்கு' என்று ஒரு மென்பொருள் தன்னைக் கூறிக்கொள்ளும்போது, நவீனமல்லாத கணினியை வைத்திருப்பவர் யார் என்று நாம் கேட்கவேண்டும். எஸ்எஸ்இ2 இல்லாத முறைவழியாக்கிகளைக் குரோம் 2014இலும், விண்டோஸில் பயர்பொக்ஸ் 2016இலும் கைவிட்டன. அவை 2000ஆம் ஆண்டளவில் விற்கப்பட்ட பொறிகளாதலால் பெருங்குற்றமென்று கூறமாட்டேன். ஆயினும், நன்கொடையாக வரும் கணினி ஒருபோதும் புதியதாய் வருவதில்லை என்பதைக் கற்பிப்போர் அறிவர். எல்லாரையும் சுமந்து செல்ல முயன்ற மொசில்லாவின் மந்தத்தைப் பழித்து வேக உலாவிக்குப் பெயர்ந்தவர்கள், அம்மந்தத்தின் ஒரு பகுதி பிறர்க்கான இடம் என்பதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். புதிய பொறியின் முழுப் பயனும் பழைய பொறிக்குரிய இடமும் ஒருங்கே வேண்டுமெனின், இரு பதிப்புகளையும் பேணப் போதிய கைகள் வேண்டும். கைகளுக்குக் கூலி வேண்டும்.

அக்கூலி எங்கிருந்து வந்தது? மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி, தேடலுக்குத் தன்னை முதன்மையாக வைப்பதற்காகக் கூகிள் கொடுக்கும் பணம். 2008இல் குரோமை வெளியிட்டுப் பயர்பொக்ஸை முந்தியதும் அதே கூகிள்தான். 2020 ஜனவரியில் மைக்ரோசொப்ட்கூடத் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியம் நிரலின் மேல் எட்ஜைக் கட்டி வெளியிட்டது. இன்று ஏவிஎக்ஸ் கட்டளைகளோடு தொகுக்கப்பட்ட தோரியம் போன்ற மாற்று உலாவிகளும் குரோமியத்திலிருந்தே எழுகின்றன. அவற்றுக்கு மாறுவோர் வேகத்தைப் பெறலாம். வலையின் விதிகளை வகுக்கும் கை எதுவோ அதன் பிடியிலிருந்து விலகியவராகார்.

2020 பெப்ரவரியிலே, வோட்டர்பொக்ஸை சிஸ்டம்1 என்னும் விளம்பரக் கம்பனி வாங்கியிருந்தமை வெளிப்பட்டது. நம்பியிருந்தோர் பலர் மனங்கசந்தனர். கொன்டோஸைக் குறைகூறுதல் எளிது. ஆனால் இலட்சக்கணக்கானோர் கூலி கொடாமற் பயன்படுத்திய பண்டத்தை ஏறக்குறையத் தனியாளாகப் பேணியவர் அவர். 2023இல் உலாவி மீண்டும் அவர் கைக்கு வந்தது. 2020 ஓகஸ்டிலோ மொசில்லா ஏறக்குறைய 250 பேரை வேலைநீக்கம் செய்தது. பல கருக்களையும் ஒருங்கே உழைக்கச் செய்யும் வித்தையை உலகுக்குக் காட்டிய சேர்வோ குழுவினரும் அவர்களுள் அடங்குவர்.

சேர்வோவின் நிரல் திறந்ததாதலால் அழியவில்லை. 2020 நவம்பரில் லினக்ஸ் அறநிலையம் அதனைப் பொறுப்பேற்றது. இரண்டாண்டுகளுக்கு மேல் வேலை அநேகமாக நின்று கிடந்தது. 2023 ஜனவரியிலிருந்து அதனை மீண்டும் எடுத்து நடத்துவோர் ஸ்பெயின் தேசத்துக் கலீசியாவில், அ கொருஞா நகரில் 2001ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இகாலியா என்னும் நிறுவனத்தினர். அதன் உரிமையாளர், அங்கு வேலை செய்யும் பொறியியலாளர்களே. முடிவுகளை அவர்கள் தம் கூட்டத்திலே கூடி எடுக்கின்றனர்.