பிகானீர் மகாராஜாவும் பறக்கும் மண்தட்டும்

பிகானீர் மகாராஜா டாக்டர் கர்ணி சிங் தம் போட்டி வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். 'ரோமிலிருந்து மாஸ்கோ வரை' என்பது அதன் பெயரின் பொருள். 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ, 1972 மியூனிக், 1980 மாஸ்கோ என ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் அவர் துப்பாக்கி ஏந்தியிருக்கிறார். பதக்கம் ஒன்றுகூட வரவில்லை. ரோமில் எட்டாவது இடமும் மெக்சிகோவில் பத்தாவது இடமும்தான் அங்கே அவர் எட்டிய உயரம். ஆனாலும் பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டில் உலக அரங்கில் இந்தியாவின் கதை அவரிடமிருந்தே தொடங்குகிறது.

இந்த விளையாட்டின் ஆதி இலக்கு மண்தட்டு அல்ல, உயிருள்ள புறா. கூட்டிலிருந்து புறாவைப் பறக்கவிட்டுச் சுடுவதை ஐரோப்பியப் பிரபுக்கள் பந்தயமாகவே நடத்தினார்கள். 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போதும் அப்படியொரு போட்டி நடந்தது. பெல்ஜியத்தின் லியோன் தெ லுந்தென் 21 புறாக்களை வீழ்த்தி வென்றார். அந்தக் கொடுமை ஒலிம்பிக்கில் நீடிக்கவில்லை. புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுடும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 1880-இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண்ணில் தட்டு செய்து பறக்கவிட்டார். இன்றைய தட்டு தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்க்கப்படுகிறது. 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. களிமண் போய்விட்டது, 'களிமண் புறா' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தட்டைச் சுடும் போட்டிகளில் மூத்தது டிராப். பள்ளத்துக்குள் இருக்கும் பொறியிலிருந்து தட்டு சீறிக் கிளம்பும், பின்னால் நிற்பவர் விலகி ஓடும் அதைச் சுடவேண்டும். ஸ்கீட் இளையது. 1915 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில், நாய்ப் பண்ணை நடத்திய சார்லஸ் டேவிஸ் பறவை வேட்டைக்குக் கைபழக ஒரு பயிற்சி முறையைக் கண்டுபிடித்தார். கடிகார முகம்போல ஒரு வட்டம் போட்டு, எண்ணுக்கு எண் நகர்ந்து நின்று சுடும் முறை அது. பக்கத்து நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை வைக்கவே, அந்தத் திசையில் சுட முடியாமல் போயிற்று. வட்டத்தைப் பாதியாக வெட்டி, எதிர்முனையில் இரண்டாவது பொறியை வைத்தார்கள். இன்றுவரை ஸ்கீட் களம் அரைவட்டமாக இருப்பதற்கு அந்தக் கோழிப்பண்ணையே காரணம். 1926-இல் ஒரு பத்திரிகை இதற்குப் பெயர் வைக்க 100 டாலர் பரிசு அறிவித்தது. மோன்டானா மாநிலத்துப் பெண்மணி கெர்ட்ரூட் ஹர்ல்பட் எழுதியனுப்பிய 'ஸ்கீட்' பரிசு பெற்றது. ஸ்காண்டிநேவிய மொழிகளில் 'சுடு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அதை எடுத்திருந்தார்.

அரைவட்டத்தின் இரு முனைகளிலும் இரண்டு கூண்டுகள். ஒன்றிலிருந்து தட்டு ஆள் உயரத்துக்கும் மேலே, சுமார் மூன்று மீட்டரில் புறப்படும். மற்றதிலிருந்து இடுப்பளவில், ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் புறப்படும். சுடுபவர் எட்டு இடங்களில் மாறி மாறி நிற்கிறார். சுற்றுக்கு 25 தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா. டிராப்பில் உண்டான இரண்டாவது வாய்ப்பு இங்கே கிடையாது. ஜாக்கெட்டின் இடுப்புப் பகுதியில் மஞ்சள் பட்டை ஒன்று தைக்கப்பட்டிருக்கும். தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கியின் அடிக்கட்டை அந்தப் பட்டையைத் தொட்டபடியே இருக்கவேண்டும். தட்டு வேண்டும் என்று குரல் கொடுத்த கணத்திலும் வரலாம், மூன்று விநாடி கழித்தும் வரலாம். வந்தபின் கட்டையைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தில் பதித்து, தட்டோடு குழலை ஓட்டி, விசையை இழுக்க ஒரு விநாடிகூட இருப்பதில்லை. எட்டாவது இடம் இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே தட்டு தலைக்குமேல் பாய்ந்துவரும், நடுக்கோட்டைத் தாண்டுமுன் உடைத்தாக வேண்டும்.

குறி தட்டின்மேல் இருக்கக்கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். தோட்டாவிலிருந்து சிதறும் ரவைகள் தட்டின் தூரத்தை எட்டுவதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே தட்டு போய்ச் சேரும் இடத்தைச் சுடவேண்டும். பழனிக்கு மேற்கே நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில், சோளக்கொல்லைப் பரணில் நின்று கவண் சுழற்றிய கைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பறக்கும் கிளிக்கு முன்னால் எறிந்தால்தான் கல் அதன் பாதையில் விழும். தினைப்புனத்தில் வள்ளி கவண் ஏந்திய கதையைப் பழனியைச் சுற்றியுள்ளவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கவண் ஏழையின் கையிலும் இருந்தது, துப்பாக்கி இல்லை. நெய்க்காரப்பட்டியும் ஆயக்குடியும் பாளையங்களாக இருந்து பிறகு ஜமீன்களான ஊர்கள். இத்தகைய ஜமீன்களிலும் சமஸ்தானங்களிலும் துப்பாக்கி என்பது அந்தஸ்தின் அடையாளம், வேட்டை என்பது விருந்தோம்பலின் பகுதி. பிகானீரில் இது உச்சத்தில் இருந்தது. கர்ணி சிங்கின் தாத்தா மகாராஜா கங்கா சிங், கஜ்னேர் ஏரிக்கரையில் வைஸ்ராய்களுக்கு நடத்திய கல்கவுதாரி வேட்டை உலகப் பிரசித்தம். விடியற்காலையில் தண்ணீர் தேடிக் கூட்டங்கூட்டமாக வரும் கல்கவுதாரி வேகத்துக்குப் பேர்போனது. 1924-இல் பிறந்த கர்ணி சிங்கின் கண்ணும் கையும் பழகியது அந்தச் சூழலில்தான்.

அந்த உலகம் அவர் கண்ணெதிரிலேயே கரைந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1971-இல் மன்னர் மானியம் நின்றது, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பல அரண்மனைகளில் துப்பாக்கிகள் சுவரில் மாட்டப்பட்டன. கர்ணி சிங் தம் துப்பாக்கியை முன்பே தட்டுகளின் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். கூடவே 1952 முதல் 1977 வரை பிகானீரின் மக்களவை உறுப்பினராகவும் இருந்தார், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். டிராப், ஸ்கீட் இரண்டிலுமாகப் பதினேழு முறை தேசிய சாம்பியன். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே அதைப் பெற்றார், துப்பாக்கி சுடுதலில் அதைப் பெற்ற முதல் வீரர் அவரே.

அவர் வாழ்க்கையின் பெரிய நாள் 1962-இல் கெய்ரோவில் வந்தது. உலக சாம்பியன்ஷிப் டிராப் போட்டியில் முதலிடத்துக்குச் சோவியத் வீரர் ஒருவரோடு சமநிலை. சமநிலையை முறிக்க நடந்த முதல் சுற்றிலும் சமநிலை. இரண்டாவது சுற்றில் தங்கம் கைநழுவி வெள்ளி கிடைத்தது. இந்தியாவில் முறையான பயிற்சிக் களமே அரிதாக இருந்த காலத்தில் இது சாதாரணச் சாதனை அல்ல. இதை அவருடைய ஐந்து ஒலிம்பிக்கையும்விட மேலாக வைக்கவேண்டும். பின்னர் 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி, 1982-இல் சொந்த நாட்டில் அணிக்கு வெள்ளி. இடையில் 1978-இல் பாங்காக்கில் பட்டியாலா அரச குடும்பத்து ரந்தீர் சிங் டிராப்பில் தங்கம் வென்றார். மகள் ராஜ்யஸ்ரீ குமாரியும் சுடும் வீராங்கனை, 1968-இல் அர்ஜுனா விருது பெற்றவர். கர்ணி சிங் 1988-இல் மறைந்தார். டெல்லி துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஸ்கீட் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1968-இல். அன்று ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சுட்டார்கள். 1992-இல் பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் 225-க்கு 223 உடைத்து, ஆண்கள் அத்தனை பேரையும் பின்தள்ளித் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டுமானது. பெண்களுக்குத் தனிப்போட்டி வர 2000 ஆயிற்று. உலகின் தலைசிறந்தவர் தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளக் களத்துக்கே வரமுடியாமல் போனது அநியாயம்.

இந்திய ஸ்கீட்டை அரண்மனைக்கு வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மைராஜ் அகமது கான். உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாக்காரர். களிமண்ணைச் சுட்டுப் பீங்கான் பாத்திரம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர் அது. 2015-இல் இத்தாலியின் லொனாட்டோவில் ஒலிம்பிக் கோட்டா வென்றார். ஸ்கீட்டில் இந்தியர் ஒருவர் அப்படித் தகுதி பெற்றது அதுவே முதல்முறை. ரியோவில் 125-க்கு 121 உடைத்தும், சமநிலை முறிக்கும் சுற்றில் தவறி ஒன்பதாவது இடத்தில் நின்றார். டோக்கியோவில் அதுவும் கைகூடவில்லை. 2022 ஜூலையில் தென்கொரியாவின் சாங்வோன் உலகக் கோப்பையில் ஐந்து பேர் மோதிய சமநிலைச் சுற்றைத் தாண்டித்தான் அடுத்த கட்டத்துக்குப் போனார். இறுதியில் 40-க்கு 37, தங்கம். வயது 46. உலகக் கோப்பை ஆண்கள் ஸ்கீட்டில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் அது.

வயது இந்த விளையாட்டில் தடையல்ல. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குவைத்தின் அப்துல்லா அல் ரஷிதி 60 வயதில் 60-க்கு 60 உடைத்தார். 58 உடைத்த இந்தியாவின் அனந்த்ஜீத் சிங் நருகாவுக்கு வெள்ளி. அதே ஊரில் ஆண்கள் டிராப் அணி 361 புள்ளிகளோடு தங்கம் வென்றது. அந்த மூவரில் ஒருவர் புதுக்கோட்டை அரச குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான். அவர்கள் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அவர் பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு இன்னும் சில குடும்பங்களைத் தாண்டிப் பரவவில்லை. துப்பாக்கிக்கும் உரிமத்துக்கும் அன்றாடம் தீரும் தோட்டாக்களுக்கும் ஆகும் செலவே காரணம். பொதுக் களமும் தோட்டாவும் அரசு தந்தால், கவண் பழகிய ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள்.

பாரிஸில் அந்த ஆண்டு முதன்முதலாக ஸ்கீட் கலப்பு இரட்டையர் போட்டி நடந்தது. அனந்த்ஜீத்தும் மகேஸ்வரி சவுகானும் வெண்கலத்துக்காகச் சீன ஜோடியோடு மோதினார்கள். சீனா 44 தட்டு, இந்தியா 43.

(தொடரும்)