இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாண சபைகள்

இலங்கையின் மாகாணங்கள் பிரிட்டிஷார் வகுத்தவை. கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1833இல் தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோது ஐந்து மாகாணங்கள் உருவாயின. 1889இல் அவை ஒன்பதாயின. தமிழர் பெரும்பான்மையாக உள்ள வட மாகாணத்தில் இன்று யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்கள் உள்ளன. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் சேர்ந்தது கிழக்கு மாகாணம். அங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழ்கிறார்கள். எவருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. வடக்கையும் கிழக்கையும் ஒரே அலகாக்குவதில் பின்னாளில் எழுந்த சிக்கல்களுக்கு இதுவே முக்கியக் காரணம்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, சமஷ்டி கேட்ட தமிழரசுக் கட்சியின் தலைவர் சா.ஜே.வே. செல்வநாயகமும் பிரதமர் பண்டாரநாயக்காவும் 1957 ஜூலை 26 அன்று ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி பிராந்திய சபைகள் அமைய வேண்டும். பிக்குகளின் எதிர்ப்பால் 1958 ஏப்ரலில் பிரதமரே அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செல்வநாயகம் செய்த ஒப்பந்தம் மாவட்ட சபைகளைச் சொன்னது. அது சட்டமாகவே இல்லை. 1981இல் வந்த மாவட்ட அபிவிருத்தி சபைகளுக்குத் தேர்தல் நடந்தது, ஆனால் கையில் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அந்தத் தேர்தலை ஒட்டிய நாட்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இந்தியா நேரடியாகத் தலையிட்டது. 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் விளைவு, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். அதே ஆண்டு நவம்பரில் அது நிறைவேறியது. தமிழையும் ஆட்சிமொழி என்று சொன்னது இந்தத் திருத்தமே. கூடவே மாகாண சபைகள் சட்டமும் வந்தது. தமிழர் கேட்டது வடக்குக்கும் கிழக்குக்கும். கிடைத்ததோ ஒன்பது மாகாணங்களுக்கும் பொதுவான ஏற்பாடு. கேட்காத ஏழு மாகாணங்களில் இன்றும் பலர் இதைச் செலவு பிடித்த சுமையாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிகாரப் பகிர்வில் இந்திய அரசியலமைப்பின் சாயல் தெரியும். மாகாணத்துக்கு ஒரு பட்டியல், மத்திக்கு ஒரு பட்டியல், இருவருக்கும் பொதுவாக ஒன்று. ஆளுநர், முதலமைச்சர், நான்கு அமைச்சர்கள். சபை இயற்றுவதன் பெயர் நியதிச் சட்டம். ஆனால் இலங்கை ஒற்றையாட்சி நாடு என்ற பிரிவு அப்படியே நின்றது. ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநர் மாகாண அரசுப் பணியாளர்களைக் கட்டுப்படுத்துகிறார். வரி, செலவு தொடர்பான நியதிச் சட்டங்களை அவருடைய பரிந்துரை இல்லாமல் சபையில் கொண்டுவர முடியாது. தஞ்சாவூர் கலெக்டர் சென்னைக்குப் பதில் சொல்கிறார்; யாழ்ப்பாண அரசாங்க அதிபரோ முதலமைச்சருக்கு அல்ல, கொழும்புக்குப் பதில் சொல்கிறார். அவருக்குக் கீழே மக்கள் அன்றாடம் போய் நிற்கும் பிரதேச செயலகங்களையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மத்தியின் பிடிக்குள் கொண்டுபோனது. பள்ளிக்கூடங்கள் மாகாணத்துடையவை, ஆனால் ‘தேசிய பாடசாலை’ என்று அறிவிக்கப்பட்டவை கல்வி அமைச்சுக்குப் போய்விடும்.

நிலமும் நீரும் இன்னும் சிக்கலானவை. மாகாணத்துக்குள் அடங்கும் பாசனம் சபையின் பொறுப்பு. மகாவலி போல மாகாண எல்லை கடக்கும் திட்டங்கள் மத்திக்கு. அரச நிலத்தைப் பயன்படுத்தும் கொள்கையை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைய வேண்டும் என்று திருத்தம் சொல்கிறது, அது அமைக்கப்படவில்லை. அரச நிலத்தின் மீதான அதிகாரம் மத்தியுடையதே என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாணப் போலீஸ் என்பதும் தாளிலேயே இருக்கிறது.

முதல் சபை வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து உருவானது. இணைப்பு நீடிப்பது பற்றிக் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அது ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, கடைசிவரை நடக்கவே இல்லை. 1988 நவம்பரில், உடன்படிக்கைப்படி வந்திருந்த இந்திய அமைதிப்படையின் காவலில், தனி ஈழத்துக்காக ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகளின் புறக்கணிப்புக்கு நடுவே தேர்தல் நடந்தது. வடக்கில் 36 இடங்களுக்கும் போட்டியே இல்லை. ஈ.பி.ஆர்.எல்.எஃப். கட்சியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார், திருகோணமலை தலைமையிடமானது. அலுவலகங்களையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்த அந்த நிர்வாகத்துக்குக் கொழும்பிலிருந்து பணமும் ஆளும் ஒழுங்காக வரவில்லை. அடுத்த ஜனாதிபதி பிரேமதாசாவின் அரசு புலிகளுடன் பேசத் தொடங்கி, அமைதிப்படையும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, 1990 மார்ச் 1 அன்று சபை தனி ஈழப் பிரகடனத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே மாதம் கடைசி இந்திய வீரர் கப்பலேறினார். முதலமைச்சரும் இந்தியாவுக்குப் போனார். சபை கலைக்கப்பட்டு, இணைந்த மாகாணம் பதினாறு ஆண்டுகள் ஆளுநரின் கையில் இருந்தது.

இணைப்பு முறைப்படி செய்யப்படவில்லை என்று 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போராளி இயக்கங்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்ட பிறகே இணைக்கலாம் என்ற சட்ட நிபந்தனையை ஜெயவர்த்தனா அவசரகால விதியால் தளர்த்தியது செல்லாது என்பதே காரணம். 2007 தொடக்கத்திலிருந்து இரண்டும் தனித்தனி மாகாணங்கள். கிழக்கில் 2008 மே மாதம் தேர்தல் நடந்தது. புலிகளிலிருந்து பிரிந்து வந்த பிள்ளையான் என்கிற சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார்.

வடக்கு மேலும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் 2012இல் ‘திவிநெகும’ என்ற வறுமை ஒழிப்புத் திட்ட மசோதா மாகாணப் பட்டியலைத் தொட்டதால் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டியதாயிற்று. சபையே இல்லாத வடக்குக்காக ஆளுநர் சம்மதம் கொடுத்தார். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பிறகு 2013 செப்டம்பர் 21 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐப் பிடித்தது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அவருடைய ஐந்தாண்டுகளில் பெரும்பகுதி ஆளுநருடனும், பிறகு சொந்தக் கூட்டணியுடனும் மோதலில் கழிந்தது.

கிழக்குச் சபையின் காலம் 2017இலும், வடக்குச் சபையின் காலம் 2018 அக்டோபரிலும் முடிந்தன. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள். அதற்கான தொகுதி எல்லை அறிக்கையை அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீக்கப்பட்டு, புதியது நடைமுறைக்கு வராத அந்த இடைவெளியில் தேர்தல் நின்றுபோனது. 2019இல் கடைசிச் சபையும் காலாவதியானபின் ஒன்பது மாகாணங்களின் நிர்வாகமும் ஆளுநர்களிடம் போனது.