சத்தியமங்கலத்து மல்லி, நியூஜெர்சி ஆல்கஹால்

சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பறித்த மல்லி மொட்டுகளில் பெரும்பங்கு சந்தைக்கும் பூக்கட்டுபவர் கைக்கும் போகிறது. ஒரு பங்கு வாசனைச் சாறு எடுக்கும் ஆலைக்குப் போகிறது. அங்கே உடனே தொட மாட்டார்கள். மல்லி இதழ் விரியும்போதுதான் மணம் சுரக்கும். ஆகவே மொட்டுகளைப் பரப்பிவிட்டு இரவு வரை காத்திருப்பார்கள்.

மல்லியை ரோஜாவைப் போல ஆவியில் வடிக்க முடியாது, சூட்டில் மணம் கெட்டுவிடும். அதற்கு ஹெக்சேன் என்ற கரைப்பான் வேண்டும். பூவை அதில் ஊறவைத்தால் மணமும் மெழுகும் சேர்ந்து கரைந்து வரும். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிப்பது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே பிரிந்துவிடும், அடுத்த பூவுக்கும் உதவும். மிஞ்சும் மெழுகுக் கட்டிக்குத் தொழிலில் 'கான்கிரீட்' என்று பெயர். 1,000 கிலோ குண்டுமல்லிக்கு அது ஒன்று, ஒன்றரைக் கிலோதான். அதை எத்தனாலில் கரைத்துக் கடுங்குளிரில் வைத்தால் மெழுகு உறைந்து பிரியும். வடிகட்டி ஆல்கஹாலையும் நீக்கினால் கிட்டத்தட்ட பாதி எடைக்கு 'அப்சல்யூட்' கிடைக்கும். ஒரு டன் பூவின் உயிர் ஒரு சின்னப் புட்டியில் அடங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட புட்டிகள் கடல் கடந்து போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நியூஜெர்சி. அமெரிக்க நறுமணத் தொழில் வேரூன்றிய மாநிலம் அது. அங்கே வாசனைத் திரவியம் ஆவதற்காக மல்லி மறுபடி ஆல்கஹாலில் இறங்குகிறது. இந்த ஆல்கஹால் குடிக்க உதவாது. மதுவரி விழாமல் இருக்க, டெனட்டோனியம் பென்சோயேட் என்ற, மணமில்லாத கடுங்கசப்பைத் துளியளவு கலந்துவிடுவார்கள். லேபிளில் 'எஸ்டி ஆல்கஹால் 40-பி' என்றிருந்தால் அது இதுதான்.

ஆல்கஹால் தோலில் பட்டதும் பறந்துவிடும். மல்லி மணத்தின் ஒரு கூறான பென்சைல் அசிட்டேட்டும் அதன் பின்னாலேயே ஓடும். இந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்துவதே நிலைநிறுத்தியின் வேலை. மெதுவாக ஆவியாகும் கனமான பொருள் உடனிருந்தால் மற்றவையும் நிதானப்படும். புனுகையும் கஸ்தூரியையும் சந்தனத்தையும் நம் முன்னோர் சேர்த்ததில் இந்த அறிவு இருந்தது. ஆனால் புனுகுக்காகப் பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டிய கொடுமையை நான் மறக்க விரும்பவில்லை. நிலைநிறுத்தும் வேலையைச் செயற்கைப் பொருளும் செய்யும். நியூஜெர்சியின் எடிசன் ஊரில் உள்ள ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து கார் தூரத்தில் இருக்கும் யூனியன் பீச்சில், ஐஎஃப்எஃப் என்ற நறுமண நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜான் ஹாலும் ஜேம்ஸ் சாண்டர்ஸும் 1973இல் 'ஐஸோ ஈ சூப்பர்' என்ற மூலக்கூறை உருவாக்கினார்கள். தேவதாரு மரத்தை நினைவூட்டும் மென்மணம், எளிதில் கிளம்பாத குணம். செயற்கை என்று இதை இகழ்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பூவின் மணத்துக்குத் தோலில் கொஞ்சம் கூடுதல் நேரம் வாங்கித் தருவது இத்தகைய பொருள்தான்.

எனக்கு வருத்தம் வேறிடத்தில். ஆல்கஹாலின் பெயரும் எண்ணும் லேபிளில் வருகின்றன. மல்லியின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. வாசனைக் கலவை முழுவதையும் 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள்களை வெளியிட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பூ எந்த ஊரில் பறித்தது என்று அது கேட்கவில்லை. தேயிலைப் பெட்டியில் டார்ஜிலிங் என்று அச்சிட முடிகிறதென்றால், மல்லி விளைந்த ஊரையும் அச்சிடலாம்.