கிராவல் குழியிலிருந்து வந்த கோடரி

புதுச்சேரி அபிஷேகப்பாக்கத்தில் வீடு கட்டியவர்களுக்குக் கிராவல் லாரி தெரியும். தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டுத் திரும்பி விடியற்காலையில் வரும். செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த ஒரு குட்டிக் குன்றைக் கடைக்கால் ஓரம் கொட்டிவிட்டுப் போய்விடும். எங்கள் வீட்டுக்கு முதல் லோடு வந்த அன்று அந்தக் குன்றை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தேன். "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்றார் மேஸ்திரி.

தொலைத்தவர்கள் வேறு ஆட்கள். நான் தேடியது கைக்கோடரி. பள்ளிப் பாடத்தில் 'பல்லாவரம், 1863, ராபர்ட் புரூஸ் ஃபுட்' என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். பெயர்தான் கோடரி, காம்பு கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் கல். இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, அடி உருண்டையாகவும் நுனி கூராகவும் ஆக்கியிருப்பார்கள். வெட்ட, கிழிக்க, தோண்ட எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு நீண்ட காலம் புழக்கத்தில் இருந்தது வேறில்லை. ஆனாலும் அதை 'மனிதன் செய்தது' என்று ஒப்புக்கொள்வதற்குள் அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் ஜான் கானியர்ஸ் என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். நகரத்தில் எங்கே பள்ளம் தோண்டினாலும் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு கிராவல் குழியில் யானை எலும்புகளோடு கூரான கல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் ஏது யானை? அது ரோமப் பேரரசர் கிளாடியஸ் படையெடுத்து வந்தபோது கொண்டுவந்த யானை என்றும், உள்ளூர்க்காரன் ஒருவன் இந்தக் கல்லால் அதை அடித்துக் கொன்றான் என்றும் 1715இல் ஒருவர் விளக்கம் எழுதினார். கதை பிரமாதம். காலக்கணக்குதான் பல லட்சம் ஆண்டு பிசகிவிட்டது.

1797இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழியில், ஜான் ஃப்ரேர் இதே மாதிரிக் கற்களைப் பார்த்தார். உலோகம் அறியாத, மிக மிகப் பழைய மக்களின் வேலை இது என்று சரியாகவே கடிதம் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. அந்தக் கற்கள் என்னவென்று தெரிவதற்கு முன், மண் வெட்டியவர்கள் அவற்றைக் கூடை கூடையாக அள்ளிப் பக்கத்துச் சாலையின் வண்டித்தடப் பள்ளங்களில் கொட்டியிருக்கிறார்கள். ஆதிமனிதனின் கருவிகள்மேல் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடியிருக்கின்றன!

பிரான்சின் அப்வில் நகரத்துச் சுங்க அதிகாரி பூஷே த பெர்த், ஆற்றோரக் கிராவல் குழிகளில் பல வருடம் இதையே பொறுக்கினார். கல்லுக்குக் காசு கொடுத்தார். காசு வருகிறது என்றால் கல்லும் வரத்தானே செய்யும்? குழியில் கிடைக்காத நாளில் தொழிலாளர்கள் தாங்களே கொத்திச் செய்து கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 'ஃபிளின்ட் ஜாக்' என்ற எட்வர்ட் சிம்ப்சன் இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார். 1862இல் லண்டனில் நிலவியல் ஆர்வலர்கள் சங்கத்தில் எல்லார் கண்ணெதிரே போலிக் கல் செய்தும் காட்டினார். இவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கல்லை எப்படிச் செய்தார்கள் என்று மறுபடி கற்றுக்கொண்ட முதல் ஆட்களில் போலிக்காரர்களும் உண்டு.

அதற்கு முன்பே, 1859 ஏப்ரலில், பூஷேயின் கற்களைச் சரிபார்க்க ஜோசப் பிரெஸ்ட்விச் என்ற திராட்சை மது வணிகரும், ஜான் எவன்ஸ் என்ற காகித ஆலைக்காரரும் கடல் தாண்டி பிரான்சுக்குப் போனார்கள். இருவருக்கும் நிலவியல் பக்கத் தொழில். ஆமியான் நகரின் செந்த் அஷூல் குழியில், மண் அடுக்கை விட்டு இன்னும் பெயராத ஒரு கைக்கோடரியைப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே புகைப்படமும் எடுக்க வைத்தார்கள். வழக்கு முடிந்தது. இன்று உலகெங்கும் இந்தக் கருவி மரபுக்கு வழங்கும் 'அசூலியன்' என்ற பெயர் அந்தக் குழியின் பெயர்தான்.

செய்தி கப்பலேறி மதராசுக்கு வந்தபோது அதைப் படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1834இல் செல்ட்னமில் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். மதராஸ் குழுவில் அவருடைய சகாவான ஹென்றி பிளான்ஃபோர்டுதான் நம் புதுச்சேரிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளையும் கிளிஞ்சல் புதைபடிவங்களையும் ஆராய்ந்து எழுதியவர். நமக்கு இந்தக் கல் பார்க்கும் வெள்ளைக்காரர்கள் புதிதல்ல. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781லேயே திருவக்கரைக் கல்மரங்களைக் குறித்துவைத்தார். ஆனால் அவர்கள் தேடியது பாறையை. பாறையில் மனிதனைத் தேடியவர் ஃபுட்.

1863 மே 30, சனிக்கிழமை. கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நேரம். பல்லாவரம் ராணுவக் குடியிருப்பை ஒட்டி, ஆழமில்லாத ஒரு கிராவல் குழி. தோண்டி வெளியே போட்டிருந்த செம்புரை மண்ணில் ஒரு கல் 28 வயது ஃபுட்டின் கண்ணில் பட்டது. ஐரோப்பாவில் இந்தக் கருவியைச் சிக்கிமுக்கிக் கல்லில் செய்தார்கள். இங்கே அந்தக் கல் இல்லை, இது குவார்ட்சைட். கல் மாறியிருந்தது, கைவேலை மாறவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே மாதம்தான் அப்வில்லில் கிடைத்த ஒரு தாடை எலும்பு அசலா போலியா என்று இங்கிலாந்து, பிரான்ஸ் இரு நாட்டு அறிஞர்களும் பாரிசில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார்கள். பல்லாவரத்துக் கல்லுக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. அதற்குக் காசு கொடுக்க ஆளில்லாததால் போலி செய்யவும் ஆளில்லை. செப்டம்பர் 28ஆம் தேதி, சகா வில்லியம் கிங்கோடு போனபோது, கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகள் குவியலாகவே கிடைத்தன.

அதற்குப் பிறகு ஃபுட் வீட்டில் உட்கார்ந்த நாள் குறைவு. குதிரையும் கூடாரமுமாகத் தென்னிந்தியா முழுக்க அலைந்தார். நூற்றுக்கணக்கான தொல்லிடங்களைக் குறித்தார். ஆனால் குடும்பத்தை மறந்த அலைச்சல் அல்ல இது. அவருடைய மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல். பிறகு சென்னை வந்து 'தினவர்த்தமானி' நடத்தியவர், சி. வை. தாமோதரம் பிள்ளையை அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராக்கியவர். மாமனார் தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்துப் புத்தகம் போட்டார், மருமகன் கற்களைச் சேர்த்தார். இரண்டும் பலர் கை பட்டுத் தேய்ந்த சரக்கு, செய்தவர் பெயர் தெரியாதது. பொறுக்கும் புத்தி அந்த வீட்டில் தொற்றுநோய் போலிருக்கிறது.

அது பிள்ளைக்கும் ஒட்டியது. 1884இல் கர்நூல் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டச் சொல்லி உத்தரவு வந்தது. தூண்டுதல் லண்டனிலிருந்த உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியுடையது. ஃபுட் வேலையைத் தொடங்கிவைக்க, தொடர்ந்து தோண்டியவர் பீரங்கிப் படை அதிகாரியான மகன் ஹென்றி. அந்த ஹென்றியின் மகன், இன்னொரு ஹென்றி, 1942இல் லிபியப் பாலைவனத்தில் டாங்கிப் படைக்குத் தலைமை தாங்கி விக்டோரியா கிராஸ் விருது பெற்றார். தாத்தா கையில் கற்கோடரி, பேரன் கையில் டாங்கி!

பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில் காலமானார். ஃபுட்டும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றிவிட்டுக் கடைசியில் ஏற்காட்டையே வீடாக்கிக்கொண்டார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் இறந்தார். நினைவுக்கல் ஏற்காட்டு தேவாலயத்தில் இருக்கிறது. சேர்த்த கற்களை 1904இலேயே சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூர் போனால் பார்க்கலாம்.

கோடரியின் பயணம் அதோடு நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் 'மதராஸ் கைக்கோடரி மரபு' என்ற பெயரில் அது உலகப் பாடப்புத்தகங்களில் ஏறியது. அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு பல ஆண்டுகள் பொறுமையாகத் தோண்டியது. மண்ணுக்குள் புதையும் முன் கல் வாங்கிய அண்டக் கதிர்களின் தடயத்தை அளந்து, 2011இல் வயதைச் சொன்னார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டு. அதே ஆண்டு கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரைக் கைக்கோடரிகளுக்கு 17.6 லட்சம் என்று கணக்கு வந்தது. ஆப்பிரிக்காவுக்கு அடுத்தபடி மிகப் பழைய வரிசையில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்று நிற்கிறது. வழக்கைத் தீர்த்துவைத்த ஆமியான் குழி இதற்குப் பல லட்சம் ஆண்டு இளையது.

எங்கள் லோடில் ஒன்றும் கிடைக்கவில்லை. மழை வருவதற்குள் நிரவ வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தினார். திம்மிசு போடும் சத்தம் மத்தியானம் வரை கேட்டது. மறுநாள் இரண்டாவது லாரி வந்தபோது, டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் ஒரு குச்சியை எடுத்தார். "கூரா, ரெண்டு பக்கமும் கொத்துன மாரி இருக்கணும், அதானே சார்?"