வாய்ச் சொல்லுக்கு ஒரு சாட்சி

மும்பையிலும் தில்லியிலும் நாகபுரியிலும் குடியேறி வாழும் நம்மவருள் பலருக்கு ஊரில் இன்னும் ஓரிரு காணி நிலம் உண்டு. தம்பியோ மைத்துனரோ அதைப் பார்த்துவருகிறார். அறுவடை முடிந்ததும் தொலைபேசியில் செய்தி வருகிறது: "மஞ்சளைக் கொடுத்துவிட்டேன், அண்ணா. நல்ல விலைதான். பணம் பத்து நாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்." பத்து நாள் மாதமாகிறது, மாதம் ஆண்டாகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லையே, இனி என்ன செய்வது என்று இரு தரப்பிலும் கவலை பிறக்கிறது.

இக்கவலை இன்று நேற்று உண்டானதன்று. விளைந்த பொருளை வாய்ப் பேச்சில் விற்று, விலைக்காக வாசற்படி ஏறி இறங்கிய குடியானவர் கதை நம் நாட்டுச் சந்தைகளின் வரலாற்றிலேயே கலந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தால், சொல்லை மட்டும் நம்புவதால் வரும் தீங்கும், எழுத்தை மட்டும் நம்புவதால் வரும் தீங்கும் ஒருங்கே விளங்கும்.

முதலில் எழுத்தின் கதையைக் காண்போம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையில் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிட்டவில்லை. ஆகவே இந்தியப் பஞ்சின் விலை விண்ணை முட்டியது. தக்காணத்துக் குடியானவருக்குக் கேட்டபோதெல்லாம் கடன் கிடைத்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. கடன் மட்டும் நின்றது. பயிருக்கு முன்பணம் தருபவரும், பத்திரம் எழுதுபவரும், கணக்கு வைப்பவரும், விளைச்சலை வாங்கிக்கொள்பவரும் பெரும்பாலும் ஒருவரே. கொடுத்த தானியம் வரவில் ஏறிற்றா என்று பார்க்கக் குடியானவருக்குப் படிப்பு இல்லை.

1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், புனா மாவட்டத்தைச் சேர்ந்த சூபா என்னும் சந்தை ஊரில் மக்கள் திரண்டு எழுந்தனர். லேவாதேவிக்காரரின் கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் பறித்துத் தீயிட்டனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்திலும் பரவியது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் பழமொழி. இங்கோ ஏட்டுச் சுரைக்காய் உதவாததோடு நில்லாமல் குடியையே கெடுத்துவிட்டது. எழுத்து ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அது சாட்சியாகாது, ஆயுதமாகிவிடும். இதை உணர்ந்துதான் 1879-ஆம் ஆண்டின் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், விவசாயியின் பத்திரங்கள் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றும், செலுத்திய தொகைக்கு ரசீதும் கணக்கு விவரமும் அவருக்குத் தரப்பட வேண்டும் என்றும் விதித்தது.

இனிச் சந்தையின் கதை. ஐதராபாத் நிஜாமிடமிருந்து ஆங்கிலேயர் நிர்வாகத்துக்கு வந்திருந்த பேரார் நாட்டில், காரஞ்சா என்னும் ஊரில், 1886-இல் பஞ்சுக்கென ஒழுங்குமுறைச் சந்தை ஒன்று ஏற்பட்டது. இன்றைய மகாராஷ்டிரத்தின் வாசிம் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. இந்தியாவின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை என்று அதனைக் கூறுவர். குடியானவர்மீது கொண்ட இரக்கத்தினால் எழுந்த ஏற்பாடன்று அது. மாஞ்செஸ்டர் ஆலைகளுக்குக் கலப்பற்ற பஞ்சு வேண்டியிருந்தது. 1897-இல் வந்த பேரார் பஞ்சு, தானியச் சந்தைச் சட்டம் அவ்வேற்பாட்டை விரிவாக்கியது. எனினும் சந்தைக் குழுவில் வியாபாரிகளின் கையே ஓங்கியிருந்தது. குழுவில் பயிரிடுவோருக்கும் இடமளித்து, நேர்மையான விற்பனையை நோக்கமாகக் கொண்ட சட்டம் 1927-இல் பம்பாய் மாகாணத்தில் பிறந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, லின்லித்கோ பிரபு தலைமையிலான வேளாண்மை ராயல் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. சந்தைகளில் நடந்த முறைகேடுகளை அது எடுத்துக்காட்டியது. அவற்றுள் ஒன்று நமக்குப் பழக்கமானதே. நம் ஊர் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைகோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோலவே தானியச் சந்தைகளிலும் தரகரும் வாங்குபவரும் துணிக்கு அடியில் விரலால் பேசி முடித்தனர். பொருளுக்கு உடையவர் பக்கத்தில் நின்றும் விலை அறியாமல் நின்றார். பின்னர் எடையில் குறைவு, மாதிரிக்கென ஒரு பங்கு, தருமத்துக்கென ஒரு கழிவு என்று தொகை தேய்ந்தது. திறந்த ஏலமும், உரிமம் பெற்ற எடையாளரும் வேண்டும் என்னும் கோரிக்கையின் உட்பொருள் இதுதான்: பேசிய பேச்சைப் பத்துப் பேர் கேட்க வேண்டும், போட்ட எடையைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும்.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1933-இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936-இல் திருப்பூரில் பஞ்சுக்கான முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1960-களிலும் 1970-களிலும் பெரும்பாலான மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின. எடை போட்ட அன்றே பணம் என்பது அவற்றுள் பலவற்றின் விதி. 'கையிலே காசு, வாயிலே தோசை' என்று நம் முன்னோர் சொன்னதும் இந்த ஞானத்தையே.

ஆயினும் நாடெங்கும் ஒரே விதி இல்லை. கேரளத்தில் இத்தகைய சந்தைச் சட்டம் இயற்றப்படவே இல்லை. பீகார் தன் சட்டத்தை 2006-இல் நீக்கிவிட்டது. 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் ஒன்று, சந்தைக்கு வெளியே வாங்குபவரும் அன்றே, அல்லது மிஞ்சினால் மூன்று வேலை நாட்களுக்குள், பணம் தர வேண்டும் என்றது. வேறு காரணங்களால் எழுந்த பெரும் விவசாயிகள் போராட்டத்துக்குப் பின் 2021-இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே களத்துமேட்டிலேயே விற்பவருக்கு இன்றும் பெருந்துணையாக நிற்பது பழைய பொதுச் சட்டமே.

அப்பொதுச் சட்டம் சொல்லைத் தள்ளிவிட்டதா? இல்லை என்பதே வியப்பு. இங்கிலாந்தில் 1677-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பத்துப் பவுனும் அதற்கு மேலும் பெறும் சரக்கின் விற்பனைக்கு எழுத்தோ, அச்சாரமோ, சரக்கில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டதோ இருக்க வேண்டும் என்றது. அவ்விதி அங்கே 1954 வரை நீடித்தது. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமோ, விற்பனை ஒப்பந்தம் எழுத்தாலும் ஆகலாம், வாய்ச் சொல்லாலும் ஆகலாம், இரண்டும் கலந்தும் ஆகலாம் என்று தெளிவாகவே கூறுகிறது. எழுத்தில் இல்லை என்பதனால் மட்டும் நம் பாக்கி பாக்கியாகாமல் போய்விடாது. குறைவது உரிமையன்று, சான்றுதான்.

அதே சட்டத்தில் நாம் நினைவில் வைக்கத்தக்க வேறு சிலவும் உண்டு. தவணை பேசாமல் விற்ற சரக்கு நம் களஞ்சியத்தில் இருக்கும் வரையில், முழு விலையும் வரும்வரை அதை விடாமல் நிறுத்திவைக்க நமக்கு உரிமை உண்டு. விலைக்கெனக் கொடுத்த காசோலை பணமாகாமல் திரும்பினாலும் நாம் விலை பெறாத விற்பனையாளரே. ஆனால் வண்டி ஏறி, சரக்கு வாங்கியவர் கைக்குச் சேர்ந்துவிட்டால், பெரும்பாலும் எஞ்சுவது விலை கேட்டு வழக்காடும் வழி ஒன்றே. அதற்கும் காலவரம்பு உண்டு. தவணை பேசாத விற்பனையாயின் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அக்காலத்துக்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதைத் தம் கையெழுத்தில் குறித்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். 'அடுத்த போகத்தில் தருகிறேன்' என்று வாயால் சொல்வதனால் மட்டும் காலம் நீளாது. எத்தனையோ பாக்கிகள் அழிந்தது இந்த இடத்தில்தான்.

நம் நோட்டுப் புத்தகத்தில் நாமே எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். முறையாக எழுதிவரும் கணக்கேட்டை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அது ஒன்றை மட்டும் கொண்டு ஒருவர்மீது கடனைச் சுமத்தாது. சூபாவில் எரிந்த ஏடுகளை நினைத்தால் இவ்விதியின் நியாயம் புலப்படும். ஆதலின் இரு தரப்பின் அடையாளமும் உள்ள சான்றே வேண்டும்: எடைச்சீட்டு, லாரி ஏற்றிய சீட்டு, வங்கி வழியே வந்த அச்சாரம், உடனிருந்தவரின் சாட்சியம். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவையும் ஆவணமாகவே கொள்கிறது. ஆகவே பேசி முடித்த அன்றே, "இத்தனை குவிண்டால், இன்ன விலை, இன்ன நாளில் பணம்" என்று கைப்பேசியில் ஒரு வரி அனுப்பி, அதற்கு 'சரி' என்று பதில் பெற்றால், துணிக்கு அடியில் மறைந்திருந்த விரல் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

சீட்டுக் கேட்டால் அவர் மனம் புண்படுமே என்று ஊரில் இருப்பவர் தயங்குவது இயல்பு. நாணயமுள்ள வியாபாரிக்குச் சீட்டினால் நட்டம் ஏதும் இல்லை. பின்னால் வரும் மனத்தாங்கலிலிருந்து அது அவரையும் காக்கிறது. பழைய பாக்கிக்கும் இதுவே வழி. முதலில் பணிவாக ஒரு கணக்கு எழுதிக் கையெழுத்துக் கேட்கலாம். கிட்டாவிட்டால் வழக்குரைஞர் மூலம் அறிவிப்பு அனுப்பலாம். எதுவாயினும் மூன்று ஆண்டு கழியுமுன் செய்ய வேண்டும். அடுத்த முறை ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, என்ன விலை என்று கேட்பதோடு, எடைச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்றும் நாம் கேட்டுக்கொள்வோமாக.