நல்லெண்ணெயில் வந்த நஞ்சு

பதுளைப் பக்கம் தோட்டத்துல பிறந்தவங்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. பிள்ளை பெரியபிள்ளையானதும் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி. இடுப்புக்குப் பலம் என்று அம்மாயி விடவே மாட்டார்.

1977–78இல் இலங்கையின் பல தேயிலைத் தோட்டங்களில், அப்படி எண்ணெய் குடித்த 20க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு நரம்பு தளர்ந்து கை கால் விழுந்தது. நிமால் சேனநாயக்க, ஜெயரட்ணம் ஆகிய வைத்தியர்கள் காரணத்தைத் தேடிப்போய் அந்த எண்ணெயிலேயே பிடித்தார்கள். அதில் டிரை-கிரெசைல் பொஸ்பேட் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலனில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்று 1981இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்.

இந்த நஞ்சு உடனே காட்டாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, நீளமான நரம்புகளைத்தான் முதலில் பிடிக்கும். அதனால்தான் முதலில் பாதம் தொங்குகிறது. அதற்குள் எண்ணெய்ப் போத்தலை யாருக்கு ஞாபகம் இருக்கும், சொல்லுங்க? 1959இல் மொரோக்கோவிலும் இதே நஞ்சுதான், சமையல் எண்ணெயில். அங்கே சுமார் 10,000 பேர்.

வழக்கத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லயத்துக் காம்பராவில் இருந்தவர்கள் தங்களால் முடிந்த நல்லதைத்தான் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். கோபமெல்லாம் அந்தக் கொள்கலன்மேல்தான்.

சேனநாயக்க அந்தப் பிள்ளைகளை மூன்று வருஷம் தொடர்ந்து பரிசோதித்தார்.